அவர் சைக்கிளின் பிரேக்

முதல் போல்ட் இளகும்போது டக்கென்று ஒரு சத்தம் வந்தது. அப்படியே நின்றுவிட்டேன், எலன் கீ கையில், காது வீட்டுக்குள்ளே. படுக்கையறையில் ஃபேன் ஓடுகிறது, பக்கத்து வீட்டு டிவியில் யாரோ கை தட்டுகிறார்கள், வேறு சத்தம் இல்லை. தூங்குகிறார். மதியம் சாப்பிட்டு மாத்திரையைப் போட்டால் டீ நேரம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் இந்த நேரத்தைப் பார்த்து வந்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வெயிலில் போர்டிகோவில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, எலன் கீயில் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு. துண்டு எதற்கு? கை வழுக்காமல் இருக்க என்று எடுத்து வந்தேன். கை வழுக்கவே இல்லை. சத்தத்துக்குத்தான். கட்டிய புருஷன் தூங்கும்போது அவர் சைக்கிளிலிருந்து பிரேக்கைக் கழற்றுகிறேன், எந்தப் பக்கத்திலிருந்து திருப்பிச் சொல்லிப் பார்த்தாலும் இதேதான் வருகிறது. திருட்டு என்று சொல்ல முடியாது, ஒரே வீட்டுப் பொருள். கேட்டால் கொடுப்பார். "எடுத்துக்கோ ரேணு" என்பார். இப்போதெல்லாம் அவருக்கு வார்த்தை ஒரே மூச்சில் வருவதில்லை, "எடுத்து... க்கோ" என்று நடுவில் ஒரு இடைவெளி விட்டுச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த இடைவெளியை என்னால் தாங்க முடியாது, அதனால்தான் கேட்கவில்லை. இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை. கேட்டால், இனிமேல் அவர் சைக்கிள் ஓட்டப்போவதில்லை என்று நான் வாய்விட்டுச் சொன்ன மாதிரி ஆகிவிடும். ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து இந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. டாக்டர் சொன்னதில்லை, பயிற்சி கொடுக்க வருகிற பெண் சொன்னதில்லை, "கை நல்லா வருது சார், பாக்கலாம்" என்றுதான் எல்லோரும். நான் மட்டும் துண்டு சுற்றிய எலன் கீயால் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் காலையில் வந்த போனால். ஷாகிரா என் ஆபீஸ், என்னை விடச் சின்னவள், நான் சைக்கிளில் வருவதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவள், இப்போது என்னை விட நன்றாக ஓட்டுகிறாள். "ரேணு அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை ஏற்காடு ஏறுறோம், பொம்பளைங்க மட்டும். உங்க வீட்டு நிலைமை தெரியும், வர முடியாதுதான், சும்மா ஒரு வார்த்தை..." என்று இழுத்தாள். அவள் முடிக்கவில்லை, "வரேன்" என்றுவிட்டேன். யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. அடுப்பில் ரசம் நுரைத்துக்கொண்டிருந்தது, நான் வெறுமனே நின்றிருந்தேன், வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு வயிற்றில் ஒரு குளிர்ச்சி, மலை மேலே ஈரமும் யூகலிப்டஸும் கலந்து மூக்கில் ஏறுமே, அது சமையலறைக்குள்ளேயே வந்த மாதிரி. அதற்குப் பின்னாலேயே, கையைச் சுட்டுக்கொண்ட மாதிரி, அவர் இருமல். "யாரு... போன்ல?" என்றார். "ஆபீஸ்ல இருந்துங்க" என்றேன். அது பொய்யில்லை. ரசத்தை இறக்கினேன், உப்பு போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இன்னொரு தரம் போட்டேன், அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவதுதான் எனக்கு ஆகவில்லை. முன்னே என்றால் தட்டைத் தள்ளி வைத்து, "என்ன ரேணு, கடல் தண்ணியா?" என்று கேட்டிருப்பார்.

ஏறுவதில் எனக்குப் பயமில்லை, இறங்குவதில்தான். என் சைக்கிளில் இருப்பது வயர் பிரேக். டிஸ்க் என்று பேர், ஆனால் இழுப்பது கம்பி. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இறங்க லிவரை முழு பலத்தோடு இழுத்துக்கொண்டே வர வேண்டும், பாதி மலையிலேயே விரல்கள் மரத்துப் போகும், அடிவாரத்துக்கு வந்தால் டம்ளரைப் பிடிக்க முடியாது. அவருடையது ஆயில் பிரேக். ஒரு விரல் போதும். அவரே தேடி வாங்கிப் போட்டது, முன் சக்கரத்துக்குப் பெரிய டிஸ்க்கும் சேர்த்து. மாட்டிய அன்று முழுக்க என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார், பாலிடெக்னிக்கில் பிசிக்ஸ் எடுக்கிறவர் இல்லையா, எதையும் கரும்பலகை இல்லாமல் சொல்ல வராது, சுவரில் விரலால் வரைந்து, "இங்க அமுக்குனா அமுக்குன பலம் குறையாம அங்க போவும், நடுவுல காத்து இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கண்டிஷன்" என்றார். நான் துணி மடித்துக்கொண்டே உம் கொட்டினேன். சர்க்கரை வந்திருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னதற்கு, நடக்க அலுப்பாக இருக்கிறது என்று சைக்கிள் வாங்கியவர் அவர். அவர் புதுசு வாங்கியபோது பழையது எனக்கு வந்தது, அப்படித்தான் நானும் ஆரம்பித்தேன், சுடிதார் காலுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு கன்னங்குறிச்சி ஏரியைச் சுற்றி. ஒரு வருஷத்தில் ஏற்காடு. அவருடைய அக்கா இதை ஆரம்பத்திலிருந்தே விரும்பவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், அழுகைக்கு நடுவில் "அந்த சைக்கிளை மொதல்ல வித்துத் தொலை" என்றார். விற்கவில்லை. சுவரில் கொக்கி அடித்து மாட்டினேன். வாரம் ஒரு தடவை தூசி தட்டினேன். காற்றுக்கூட அடித்தேன், சுவரில் தொங்குகிற சைக்கிளுக்கு. அவர் படுக்கையிலிருந்து பம்ப் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். நம்பிக்கை கொடுக்கிறேன் என்று நினைத்தேன். இன்றைக்கு இந்த பிரேக்குக்காகத்தான் அத்தனை நாளும் அதைப் பத்திரமாக வைத்திருந்தேனோ? சே, அப்படியெல்லாம் இல்லை. அப்படி இல்லை என்று யார் சொல்வது.

முன் பிரேக் சுலபம். லிவர், கறுப்பு டியூப், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிபர் மூன்றும் சேர்ந்தாற்போல் வந்துவிடும், டியூப் வெளிப்பக்கமாகவே ஓடுகிறது. காலிபரின் இரண்டு போல்ட்டையும் எடுத்தாயிற்று, ஹேண்டில்பாரில் லிவரின் பட்டையைத் தளர்த்தியாயிற்று, எல்லாம் என் மடியில் கிடக்கிறது, கொஞ்சம் சூடாக. வலது கை லிவர். அவர் விரல் பட்டுப் பட்டு ஓரத்தில் பெயிண்ட் போய் வெள்ளையாகப் பளபளக்கிறது. சக்கரத்திலிருந்து கழற்றிய டிஸ்க்கில் விரல் படக் கூடாது, எண்ணெய்ப் பசை ஏறிவிடும் என்று அவர் சொன்னது ஞாபகம் வந்து, அதைப் பேப்பரால் பிடித்துத் தனியே வைத்தேன். காலிபருக்குள் பிரேக் பேட் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு அட்டைத் துண்டைச் செருகினேன். செருகிவிட்டு, ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, லிவரை அமுக்கினேன். ஒரு விரலால். கொஞ்ச தூரம் லேசாக வந்தது, அப்புறம் சுவரில் முட்டின மாதிரி நின்றது. கெட்டியாக. துளி காற்று இல்லை. இவ்வளவு காலம் சுவரில் தொங்கியும் ஒன்றும் ஆகவில்லை. விட்டேன், மறுபடியும் அமுக்கினேன். அதே இடம். அதே கெட்டி. என் விரலுக்கு அந்த இடம் தெரிந்திருந்தது. புதிதாகத் தொடுகிற மாதிரி இல்லை.

ஸ்ட்ரோக் வந்த அன்று அவர் சொன்னது பிரேக்கைப் பற்றித்தான். மேலே ஏற்காட்டு ஏரிக்குப் பக்கத்தில் டீ குடித்துவிட்டு இறங்கப் புறப்பட்டோம், கொஞ்சம் உருட்டிப் பார்த்துவிட்டு நின்றார், "ரேணு, முன் பிரேக் சரியில்ல. விழ மாட்டேங்குது" என்றார். நான் இறங்கிப் போய் என்ன செய்தேன்? கைக்குட்டையால் டிஸ்க்கைத் துடைத்தேன். பேட் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். பனியில் ஈரம் ஏறியிருக்கும், ரெண்டு தடவை பிடித்து விட்டால் சரியாகிவிடும் என்றேன். இதையெல்லாம் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், அவர் அக்காவிடம், ஷாகிராவிடம், கோவையில் படிக்கிற மகளிடம். "பிரேக்தான் கோளாறுன்னு நெனச்சோம், யாருக்குத் தெரியும்" என்று சொல்லிச் சொல்லி அது வழவழப்பாகிவிட்டது, சொல்லும்போது எனக்கே என் மேல் இரக்கம் வரும். லிவரை அமுக்கிப் பார்த்தேனா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டுக்கொண்டேன், கேட்டுக்கொண்டு, ஞாபகமில்லை என்று பதில் சொல்லிக்கொண்டேன். இப்போது விரல் சொல்கிறது, அமுக்கிப் பார்த்தாய். குனிந்து எழும்போது ஹேண்டில்பாரில் கை வைத்து, போகிற போக்கில் ஒரு விரலால் அமுக்கினாய். கொஞ்ச தூரம் லேசாக வந்தது, அப்புறம் சுவர் மாதிரி நின்றது. இதே இடம். உனக்கு நன்றாகத்தானே பிடித்தது, அவருக்கு ஏன் விழவில்லை என்று ஒரு கணம் தலைக்குள் வந்ததா இல்லையா? வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாயா? பார்த்தேன். வாயின் ஒரு ஓரம் குளிரில் விறைத்த மாதிரி இருந்தது. குளிர்தான் என்று வைத்துக்கொண்டேன். ஏனென்றால் கீழே தெரிந்தது சாலை. மூச்சு முட்ட முட்ட ஏறி வந்தது எதற்கு, இறங்கத்தானே. மிதிக்க வேண்டியதில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வொரு வளைவிலும் சேலம் கீழே தட்டில் வைத்த மாதிரி திரும்பித் திரும்பித் தெரியும், காற்றில் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் ஓடும். வாரம் முழுக்க அதற்காகத்தான் இருந்தேன். "ஒண்ணும் ஆவாதுங்க, நான் முன்னாடி போறேன், பின்னாடியே மெல்ல வாங்க" என்றேன். முன்னாடி போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவதோ நாலாவதோ வளைவில், பின்னால் சத்தமே வரவில்லையே என்று நின்றேன், நிற்க மனமில்லாமல்தான் நின்றேன், திரும்ப மேலே ஏறிப் போனேன், ஏறும்போது அவர் மேல் எரிச்சலாகக்கூட இருந்தது. சாலை ஓரம் புதரில் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கீழே விழுந்து அடிபட்டவர் மாதிரி இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வார்த்தையாக இல்லை அது.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் சின்ன வயசு, நடந்துகொண்டே கேட்டார், "எப்ப ஆரம்பிச்சுதும்மா? கரெக்டா சொல்லுங்க, அதை வெச்சுத்தான் மருந்து." இறங்கும்போது, என்றேன். மேலே டீக்கடையில், என்று சொல்லவில்லை. ஸ்ட்ரெச்சரில் அவர் கண் திறந்திருந்தது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, அவருக்குப் பேச வரவில்லை, அதனால் என் பதில்தான் பதில். அப்புறம் பல நாள் கழித்து அந்த டாக்டரே சொன்னார், "நீங்க சொன்ன நேரத்துக்கும் முன்னாடிக்கும் பெருசா வித்தியாசம் வந்திருக்காது" என்று, நான் அவரிடம் ஒன்றும் கேட்காமலே. கேட்காமலே ஏன் சொன்னார்? முகத்தில் தெரிந்திருக்கும். அந்த வார்த்தையை நான் மருந்து மாதிரி எடுத்து எடுத்துச் சாப்பிட்டேன். பெரிதாக வித்தியாசம் வந்திருக்காது. பெரிதாக. சின்னதாக வந்திருக்கலாம். சின்னதாக என்றால் எவ்வளவு? சட்டைப் பொத்தானைப் போடுகிற அளவா, மகளோடு போனில் தடுக்காமல் பேசுகிற அளவா, ரசம் கடல் தண்ணியா இருக்கு என்று சொல்கிற அளவா?

எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிடலாம் என்று தோன்றியது. மாட்டிவிட்டு, ஷாகிராவுக்குப் போன் பண்ணி வரவில்லை என்று சொல்லலாம், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், எல்லோருக்கும் என் வீட்டு நிலைமை தெரியும். நல்ல மனைவி என்பார்கள். அதை நினைத்ததும் எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம், அந்தக் கோபத்திலேயே முன் பிரேக்கைக் கொண்டுபோய் என் சைக்கிளில் மாட்டினேன், போல்ட்டை இறுக்கினேன், துண்டைத் தூர எறிந்தேன். சத்தம் வந்தால் வரட்டும். பின் பிரேக்கை எடுத்தேன். அது அப்படி வராது. அவர் சைக்கிளில் பின் பிரேக்கின் டியூப் குழாய்க்கு உள்ளே ஓடுகிறது, லிவர் பக்கம் கழற்றினால்தான் வெளியே உருவ முடியும். கழற்றினால் ஆயில் கொட்டும், காற்று புகும். தண்ணீர்த் தொட்டி மேலே ஒரு காக்கா உட்கார்ந்து என்னைப் பார்த்தது. முன் பிரேக் மட்டும் எடுத்தால் நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொள்ள இடமிருக்கிறது. இதைத் திறந்துவிட்டால் இல்லை. திறந்தேன். சிவப்பாக, ஆச்சரியமாகச் சுத்தமாக, ஒரு சொட்டு புறங்கையில் விழுந்தது. டியூபை மெல்ல மெல்ல உருவினேன், உள்ளிருந்து சரசரவென்று வந்துகொண்டே இருந்தது, இவ்வளவு நீளமா என்று நினைத்தேன், ஆஸ்பத்திரியில் அவர் மூக்கிலிருந்து டியூபை எடுத்த அன்று நான் வெளியே போய் நின்றுகொண்டது ஞாபகம் வந்தது. நர்ஸ் கூப்பிட்டும் உள்ளே போகவில்லை.

என் சைக்கிளில் டியூபை வெளிப்பக்கமாகவே ஓட்டி, பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டி, லிவரில் சேர்த்து இறுக்கினேன். அமுக்கினால் லிவர் தொளதொளவென்று ஹேண்டில்பார் வரைக்கும் வந்து ஒட்டியது. உள்ளே முழுக்கக் காற்று. அதை எடுக்க வேண்டும். மேலே லிவரில் ஒரு சின்னப் புனலை வைத்து ஆயில் ஊற்றி, கீழே காலிபரில் இருக்கிற நட்டில் மெல்லிய டியூபை மாட்டி, ஒருவர் லிவரை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் நட்டைத் திறந்து, குமிழி வெளியே வந்ததும் மூட வேண்டும். மூடின பிறகுதான் லிவரை விடலாம். முன்னாடியே விட்டால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். அவர் செய்தபோது லிவரைப் பிடித்தது நான்தான், "விடாத, விடாத, இப்ப விடு" என்று கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது தனியாக முயற்சி பண்ணினேன். லிவரை ரப்பர் பேண்டால் கட்டினேன், வழுக்கியது. துப்பட்டாவால் கட்டினேன், நட்டைத் திறந்ததும் தளர்ந்தது. ஒரு கையை மேலே நீட்டி ஒரு கையைக் கீழே நீட்டி உடம்பைக் கோணலாக வளைத்துப் பார்த்தேன், கீழே எட்டினால் மேலே எட்டவில்லை. ஸ்பேனர் கை நழுவி டைல்ஸில் விழுந்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ணங்கென்றது.

"ரேணு."

கூப்பிட்டது படுக்கையறையிலிருந்து இல்லை. வாசல் நிலையிலேயே நின்றிருந்தார், ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் பார்வை என் மேல் இல்லை, சுவரில் தொங்குகிற சைக்கிள் மேல். லிவர் இல்லாமல் ஹேண்டில்பார் மொட்டையாக இருந்தது. நான் எழுந்து நின்றேன். எழுந்து நின்று, கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன், கை முழுக்க ஆயில்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஏற்காடு கூப்பிட்டாங்க" என்றேன். "போறேன்னு சொல்லிட்டேன். என் பிரேக் பத்தாது. அதான்... உங்களைக் கேக்காம..."

"ஸ்டூலு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஸ்டூலு... போடு. நிக்க முடியல."

போட்டேன். என் சைக்கிள் பக்கத்திலேயே போடச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். உட்கார்ந்தார், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார், புனலில் ஆயில் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். வலது கையைத் தூக்கி லிவரில் வைத்தார். விரல் பாதி தூரம் வளைந்தது, அதற்கு மேல் வரவில்லை. ஒரு தடவை, இன்னொரு தடவை. அப்புறம் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் லிவரைப் பிடித்து அமுக்கினார். "தொற" என்றார். நான் குனிந்து நட்டைத் திறந்தேன், குமிழி குமிழியாகக் காற்று வந்தது. "மூடு." மூடினேன். விட்டார். "தொற." திறந்தேன். கொஞ்ச நேரம் எங்களுக்குள் அந்த இரண்டு வார்த்தைதான் ஓடியது, தொற, மூடு, தொற, மூடு, இரண்டையும் அவர் தடுக்காமல் சொன்னார். தலையைக் குனிந்திருந்ததால் என் முகம் அவருக்குத் தெரியாது, அது வசதியாக இருந்தது. இப்போதே சொல்லிவிட வேண்டும், தலையைத் தூக்குவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து, "என்னங்க" என்றேன், "அன்னிக்கு மேல வெச்சு உங்க பிரேக்கை நான் அமுக்கிப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் எறங்கலாம்னு சொன்னேன்."

லிவர் அமுங்கியபடியே இருந்தது. "மூடு" என்றார். மூடினேன்.

"பிரேக் இல்ல" என்றார். "கை. எனக்கு... தெரியும்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"காலைல. வீட்ல. ஷூ... லேஸ் கட்ட வரல." மேலே லிவர் இன்னொரு தடவை அமுங்கியது. "சொன்னா... போக வேணாம்ப. டாக்டர்ட்ட போலாம்ப. பயம். அதான் பிரேக்குன்னு... சொன்னேன்."

தலையைத் தூக்கினேன். அவர் புனலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, வந்தது கோபம். காலையிலேயே தெரிந்து, ஷூ லேஸ் கட்ட வராமல், அதை என்னிடம் மறைத்து, என்னோடு மலை ஏறி, இத்தனை நாள் நான் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாரா? "ஏன் சொல்லல?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு டிவி சத்தம் குறைந்தது. "பேச்சு வந்து எவ்வளவு நாளாச்சு, ஒரு நாள் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீயும்... சொல்லல" என்றார்.

இரண்டு பேரும் பொய் சொன்னோம் என்றால் ஆளுக்குப் பாதி என்று ஆகுமா? ஆகவில்லை. எடுத்துப் பார்த்தேன், என்னுடையது முழுசாக அப்படியே இருந்தது, குறையவே இல்லை, பக்கத்தில் அவருடையது இன்னொரு முழுசு. அவர் மறைத்தது எனக்குத் தெரியாது, தெரியாமலேதான் நான் முன்னாடி போனேன், திரும்பிப் பார்க்காமல் போனேன். ஆனால் ஒன்று, இத்தனை நாள் ஒரு அறைக்குள் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன், அதே அறையில் எதிர் மூலையில் அவரும் உட்கார்ந்திருந்திருக்கிறார், விளக்குப் போடத்தான் யாரும் எழுந்திருக்கவில்லை. "இன்னும் காத்து இருக்கு" என்றார். குனிந்தேன். "தொற." திறந்தேன். ஒரு பெரிய குமிழி, பின்னால் சின்னதாக ஒன்று, அப்புறம் சிவப்பு ஆயில் மட்டும் இடைவெளி இல்லாமல் வந்தது. "மூடு." மூடினேன்.

அவர் லிவரை விட்டுவிட்டு மறுபடி அமுக்கினார். கெட்டியாக நின்றது. திருப்தியாகத் தலையை ஆட்டினார், பாலிடெக்னிக் லேபில் ஆட்டுகிற மாதிரி. நான் எல்லாவற்றையும் துடைத்தேன், பேட்டை மாட்டினேன், சக்கரத்தைச் சுற்றிவிட்டு டிஸ்க் எங்காவது உரசுகிறதா என்று இரண்டு பேரும் காதை வைத்துக் கேட்டோம். கேட்டுக்கொண்டே, "உங்களுக்கும் சேத்து ஓட்டிட்டு வரேங்க" என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்தே மனதுக்குள் வைத்திருந்த வாக்கியம் அது. சட்டென்று முகத்தைச் சுளித்தார், இடது கையை ஆட்டினார். "எனக்கு வேணாம்" என்றார். "நீ ஓட்டு. நீ... மட்டும் ஓட்டு." அதில் கோபம் இருந்தது, பொறாமைகூட இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று எனக்குத் தோன்றியது, இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் என்னிடம் மரியாதைக்கு எதுவும் சொல்லவில்லை.

சைக்கிளைத் தெருவுக்கு இறக்கினேன். அவரும் எழுந்து கேட் வரைக்கும் வந்தார், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் தெரு வீட்டைத் தாண்டி ஏரிப் பக்கமாகச் சரிந்து இறங்குகிறது, பெரிய சரிவு இல்லை, ஆனால் மிதிக்க வேண்டாம். செருப்புக் காலோடு ஏறி உட்கார்ந்தேன். பெடலில் கால் வைத்ததும் உடம்பு தானாகவே முன்னால் குனிந்தது, எதுவும் மறக்கவில்லை அதற்கு. வண்டி உருண்டது, காற்று வந்தது, மாலைக் காற்று, கழுத்து வியர்வையில் பட்டுச் சில்லென்றது, மளிகைக் கடை போயிற்று, ரேஷன் கடை போயிற்று, எதிரே ஏரிக்கு மேலே மலை நீலமாக நின்றது, நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. பிரேக்கை ஒரு விரலால் தொட்டேன். அவ்வளவு வேகத்தையும் யாரோ பின்னாலிருந்து அணைத்துப் பிடித்த மாதிரி வண்டி நின்றது, பின் சக்கரம் தரையை விட்டு எழும்பி இறங்கியது. ஒரு காலை ஊன்றினேன். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை, துடைத்துவிட்டுத் திரும்புவதா, இப்படியே திரும்புவதா.

தெருவின் அந்தக் கோடியிலிருந்து அவர் கத்தினார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் குரல் அவ்வளவு தூரம் வந்ததில்லை.

"பிடிக்குதா?"

பிரேக்கைத்தான் கேட்கிறார் என்று தெரியும். சைக்கிளைத் திருப்பினேன், முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு. "பிடிக்குது" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, கேட்டிலிருந்து ஒரு கையை எடுத்துக் காதருகே வைத்தார்.

"பிடிக்குதுங்க!" என்று கத்தினேன்.